நீ தட்டிய கதவு

அவன் யாரிடமும் வழி கேட்கவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். படத்தில் அவன் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். பஸ்ஸை விட்டு இறங்குகிறான், பையைத் தோளில் மாட்டுகிறான், நேராக நடக்கிறான். தெரு திரும்பும் இடத்தில் அவனும் திரும்புகிறான். கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே ஏதோ வேலையாக இருந்த அம்மா நிமிர்ந்து பார்க்கிறாள். வயலின் சத்தம் பெரிதாகிறது. என் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற மேரி அக்கா மூக்கை உறிஞ்சினாள். எனக்கு அழுகை வரவில்லை. இவனுக்கு எப்படி வழி தெரிந்தது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணா, இந்தக் கடிதத்தைச் சொல்வது அம்மா, எழுதுவது நான். "என் புள்ளைக்கு ஒரு லெட்டர் எழுதணும், உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். "நல்லா கீறியா, சாப்டியா" என்று சொன்னாள். "அவ்ளோதானாம்மா?" என்று கேட்டால், "மீதிய நீ எழுதுடி, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்கிறாள். அதனால் அவள் சொன்னதை அவள் வாயில் வந்தபடியே வைத்திருக்கிறேன். இடையில் இருப்பதெல்லாம் நான். உன் விலாசம் எங்களிடம் இல்லை. உன் பழைய நம்பருக்கு அடித்தால் அப்படி ஒரு எண்ணே இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறோம். உன்னைத் தெரிந்த யாராவது படித்து உன்னிடம் சொன்னால் போதும். நீ எங்களைத் தேடி வந்தாய் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. உன்னைத் திருப்பி அனுப்பியது அம்மா இல்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போகும்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். இப்போது போகவில்லை. ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்து, எங்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே அடுக்கு வீடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து பழைய பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்ச நாள் பஸ் மாறி மாறிப் போனேன். முதல் பீரியடு முடிந்தபிறகுதான் போய்ச் சேர முடிந்தது. ஒவ்வொரு நாளும் வகுப்பு வாசலில் நின்று எல்லோரும் திரும்பிப் பார்க்க உள்ளே போவது என்னால் முடியவில்லை. உனக்குத் தெரியும், நாலு பேர் பார்த்தால் அம்மா முதுகுக்குப் பின்னால் போய் நிற்பவள் நான். நின்றுவிட்டேன். இப்போது தி.நகரில் ஒரு சினிமா தியேட்டரில் கூட்டிப் பெருக்கும் வேலை. படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்பே நாங்கள் உள்ளே போய்ப் பின்சுவரோரம் நின்றுவிட வேண்டும். விளக்கு எரிந்து ஆட்கள் வெளியே போகப் போக, பாப்கார்ன் அட்டைகளைப் பொறுக்கத் தொடங்க வேண்டும். அதனால் நான் எந்தப் படத்தையும் முதலிலிருந்து பார்த்ததில்லை. முடிவுகளை மட்டும் பார்த்திருக்கிறேன். முடிவில் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், அண்ணா. பட்டாளத்துக்குப் போனவன் வருகிறான். ஜெயிலுக்குப் போனவன் வருகிறான். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். ஆட்கள்தான் தொலைந்துபோகிறார்கள். வீடு மட்டும் விட்ட இடத்திலேயே இருக்கிறது.

கதைகளில் அப்படி இல்லை. அம்மா சமையல் செய்யும் அபிராமபுரம் வீட்டில் பழைய பத்திரிகைகளைக் கட்டிக் கொடுப்பார்கள். பஸ்ஸில் அதைத்தான் படித்துக்கொண்டு போவேன். அவற்றில் வரும் கதைகளில் ஒருவன் முதல் வரியிலேயே பெட்டியோடு வந்து இறங்கிவிடுகிறான். சினிமா எங்கே முடிகிறதோ அங்கே கதை தொடங்குகிறது. அப்பாவுக்குக் காது கேட்காமல் போயிருக்கிறது, தம்பி பேசுவதில்லை, அவன் படுத்திருந்த இடத்தில் பீரோ வந்திருக்கிறது. வீட்டுக்குள் வந்தபிறகும் அவன் வந்து சேரவில்லை. எழுதுகிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அந்தக் கதைகளிலும் அவனுக்கு ஒரு கதவு இருக்கிறது. சரியான கதவைத்தான் தட்டுகிறான். தவறான கதவைத் தட்டிவிட்டு, அதுதான் தன் வீடு என்று நம்பித் திரும்பிப்போனவனைப் பற்றி இதுவரை எதிலும் நான் படித்ததில்லை.

பாட்டு என்றால் உனக்குத்தான் தெரியும். நம் நைனா, யாருடைய சாவு ஊர்வலத்திலாவது சட்டி மேளம் அடித்துவிட்டு வரும்போது, சுடுகாட்டிலிருந்து சட்டியை முதுகுப் பக்கம் தள்ளிக் கட்டிக்கொண்டுதான் வருவார். வழியில் சும்மாகூட ஒரு விரல் அதில் படக் கூடாது. நீ சின்னப் பையனாக இருந்தபோது கேட்டாயாம், "ஏன் நைனா, வரும்போது வாசிக்க மாட்டேன்ற?" என்று. அதற்கு அவர், "போறவனுக்குத்தான்டா அடி. வர்றவனுக்கு இன்னாத்துக்கு? அவனுக்குத்தான் கால் கீதே" என்றாராம். நீ விடவில்லை. "வர்றவனுக்கும் நான் ஒரு பாட்டு கட்றேன் பாரு" என்றாயாம். அவருக்கும் அம்மாவுக்கும் நீதான் செல்ல நைனா. "கட்டு நைனா, கட்டு. மொதல்ல கணக்குப் பரீட்சைய எழுதிட்டு வந்து கட்டு" என்றாராம் அவர். இதை அம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். நீ கானா பாடத் தொடங்கியபிறகு எத்தனையோ எழவு வீட்டில் பாடியிருக்கிறாய். எல்லாமே போகிறவர்களுக்கான பாட்டுதான். வருகிறவர்களுக்கு நீ பாட்டுக் கட்டினாயா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ பாடுவது நைனாவுக்குப் பிடிக்காமல் போனது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளச் சொன்னார். "எழவு வூட்டு சோறு என்னோட போவட்டும்டா" என்றார். "உனுக்கு ஒரு சட்டி, எனுக்கு ஒரு மைக்கு. இன்னா வித்தியாசம்?" என்று நீ கேட்டாய். அவர் உன் டோலக்கை எடுத்துக்கொண்டு போய் ஆற்றில் எறிந்தார். அது மூழ்காமல் பாலத்தடி வரை மிதந்து போனது. நீ கரையோடு கூடவே நடந்து போனாய். டோலக்கை எடுத்துக்கொண்டு திரும்புவாய் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

இந்த இடத்தில் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்: "நைனா, அன்னிக்கு நான் சோறு வடிச்சிக்கினு இருந்தேன்டா. உங்க ரெண்டு பேரு நடுவுல நான் வந்து நின்னிருக்கணும். நின்னா சோறு கொழஞ்சிடுமேன்னு நெனச்சேன். அந்த ஆளு கோவம் சோறு வடியறதுக்குள்ள அடங்கிடும்னு நெனச்சேன். எத்தினியோ வாட்டி அடங்கிகீது. அன்னிக்கு அடங்கல. நாளைக்கு உனுக்கு ஒரு பொண்டாட்டி புள்ளைன்னு வந்தா, வூட்ல ரெண்டு பேரு கத்திக்கினா, அடுப்ப அணைச்சிட்டுப் போய் நில்லு. சோறு போனா போவட்டும்."

பிறகுதான் லாரி வந்தது. குலுக்கலில் எங்களுக்கு ஏழாவது மாடியில் வீடு விழுந்தது. அம்மா கிளம்புவதற்கு முன் பாலத்து முனையில் தையல் கடை வைத்திருக்கும் பாயிடம் போய், "என் புள்ள வந்தா இங்கதான் வந்து நிப்பான், சொல்லி அனுப்பு பாய்" என்று பிளாக், மாடி, கதவு எண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். பாய் கடைச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதிக்கொண்டார். அந்த வருட மழையில் நைனாவுக்கு நெஞ்சுவலி வந்தது. லிஃப்ட் ஓடவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் படிப்படியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழே தரைக்கு வந்தபோது அவர் இல்லை. அந்த மழையில் அவருடைய போன் நனைந்து செத்தது. உனக்குத் தெரிந்த ஒரே நம்பரும் அதோடு போனது. காரியத்தன்று அவருடைய கூட்டாளிகள் எல்லோரும் சட்டியோடு வந்தார்கள். யாரோ கானாவுக்கு ஆள் சொல்லட்டுமா என்று கேட்டார்கள். அம்மா, "வேணாம். பாட்றவன் வரட்டும்" என்றாள். எத்தனையோ பேர் வீட்டு வாசலில் நீ பாடியிருக்கிறாய். நம் வீட்டு வாசலில் யாரும் பாடவில்லை.

அதற்குப்பிறகு அம்மா அந்தப் படிகளில் ஏற மாட்டேன் என்றாள். முட்டி வலி என்று எல்லோரிடமும் சொன்னாள். முட்டி வலி மட்டும் இல்லை. வேறொரு பிளாக்கில் தரைத்தளத்தில் செல்வி அக்கா என்று ஒருவர் இருந்தார். மழை வந்தால் அவர் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறும், அவருடைய குழந்தைக்கு மூச்சிரைப்பு. அவருக்கு மேலே போக வேண்டும், அம்மாவுக்குக் கீழே வர வேண்டும். இரண்டு பேரும் வீட்டை மாற்றிக்கொண்டார்கள். இங்கே நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் செய்யக் கூடாது. யார் பெயரில் கொடுத்தார்களோ அவர்கள்தான் இருக்க வேண்டும் என்று அவ்வப்போது செக்கிங் வருவார்கள். அதனால் அம்மா செல்வி அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தாள்: "தெரியாத ஆளு எவன் வந்து என் பேரச் சொல்லிக் கேட்டாலும், ஆமா அவங்க வூடுதான், ஊருக்குப் போயிருக்காங்க, எப்ப வருவாங்கன்னு தெரியாது, நாங்க சொந்தக்காரங்கன்னு சொல்லிடு." செல்வி அக்காவும் எங்களுக்கு அதேபோல ஒன்று சொல்லிக் கொடுத்தார். எல்லாவற்றையும் இவ்வளவு யோசித்தவள், பாய் கடைச் சுவரில் இருந்ததை மாற்றி எழுதச் சொல்ல மறந்துவிட்டாள். நானும் நினைக்கவில்லை.

போன மாதம் அம்மாவின் ரவிக்கையைப் பிரித்துத் தைக்க பாயிடம் கொண்டுபோனேன். ரொம்ப நாளாகிவிட்டது அந்தப் பக்கம் போய். பாய் மெஷினை நிறுத்தாமலே, "இன்னா பாப்பா, அண்ணன் வந்ததும் பாய மறந்துட்டியா?" என்றார்.

"எந்த அண்ணன், பாய்?"

"எத்தினி அண்ணன் கீறான் உனுக்கு? முரளிதான். தாடியெல்லாம் வச்சிக்கினு வந்தான். அப்பா மவுத் ஆன விஷயம் நான்தான் சொன்னேன். தோ, இந்த ஸ்டூல்லதான் குந்திக்கினு அழுதான். டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்கல. நம்பர் கேட்டேன், போன் தொலஞ்சிட்ச்சி பாய்ன்னான். அப்பால செவுத்தப் பாத்து எழுதிக்கினு நேரா உங்க வூட்டுக்குதான் போறேன்னு போனான்."

"வரலியே, பாய்."

மெஷின் நின்றது. பாய் சுவரைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ஏழாவது மாடி என்று அங்கே எழுதியிருந்தது.

வந்த உடனே செல்வி அக்கா வீட்டுக்கு ஏறினேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "ஆமா, ஒருத்தன் வந்தான். கையில சீட்டு வச்சிக்கினு உங்கம்மா பேரச் சொல்லிக் கேட்டான். செக்கிங்தான் போலன்னு நெனச்சேன். உங்கம்மா சொல்லிக் குடுத்ததச் சொல்லிட்டேன்" என்றார். நீ "எந்த ஊருக்கு?" என்று கேட்டாயாம். "சொந்த ஊருக்கு" என்று அவர் சொன்னாராம். நீ சீட்டை மடித்துப் பையில் வைத்தாயாம். "இதத்தான் சொல்லச் சொன்னாங்களா?" என்று கேட்டாயாம். செல்வி அக்காவுக்குப் பயம் வந்து, ஆமா என்று சொல்லிவிட்டாராம். நீ சிரித்துவிட்டு, தண்ணீர் கூடக் கேட்காமல் இறங்கிப்போனாய். இதைச் சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். "அய்யய்யோ, யாருடி அவன்?" என்றார். "எங்க அண்ணன்" என்றேன். உரித்த வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு அவரே அழத் தொடங்கினார். பாவம், அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

அம்மாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையேதான் கேட்டாள். "எந்த ஊருன்னா கேட்டான்?" ஆமாம் என்றேன். நமக்கு ஊர் ஏது, அண்ணா? மற்றவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ்ஸுக்கு முண்டியடிப்பார்கள். நாம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, பாலத்தின் மேல் போகிற அந்த பஸ்களை வேடிக்கை பார்ப்போம். "நம்ம ஊர் எதும்மா?" என்று நீ கேட்டால், "காலுக்குக் கீழ பாரு" என்பாள். செக்கிங் ஆளுக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்டதுமே அது பொய் என்று உனக்குத் தெரிந்திருக்கும். உன்னை விரட்டச் சொன்ன பொய் என்று நினைத்திருப்பாய். அப்பா சாவுக்கு வராதவனுக்கு இதுதான் மரியாதை என்று நினைத்திருப்பாய்.

அம்மா சொல்கிறாள், எழுதுகிறேன்: "டேய், அந்த வார்த்த உனுக்குச் சொன்னது இல்லடா. என் வாயிலேந்து வந்த வார்த்ததான். ஆனா உனுக்கு இல்ல. செல்வி மேலயும் தப்பு இல்ல. உன் நைனா உன் மேல கோவமா சாகல. மேல இருந்து தூக்கிக்கினு வரும்போது, ரெண்டாவது மாடியில, அவன் வந்தா இவ்ளோ படி ஏறணுமேன்னு சொன்னாரு. அதான் அவரு கடைசியா பேசுனது. அத உன்கிட்ட எப்டியாச்சும் சொல்லிடணும்னு இருந்தேன். வெறும் வயித்துல பாடாத. தொண்டை கட்னா சுக்கு போட்டுக் குடி. வா. கறி எடுத்து வைக்கல, ஒன்னும் வைக்கல, சும்மா வா." பிறகு, "'வா'ன்றத மட்டும் பெருசா எழுது" என்றாள். எழுதியிருக்கிறேன்.

நாங்கள் இப்போது இருக்கும் வீட்டை இங்கே எழுத முடியாது. ஏன் என்று உனக்குப் புரியும், நம்மோடு செல்வி அக்காவும் தெருவுக்கு வந்துவிடுவார். பாய் பழைய எழுத்தை அழித்துவிட்டார். சுவரில் எதுவும் வேண்டாம், அவன் வந்தால் நானே கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன் என்கிறார். "கடைய இழுத்து மூடிட்டு நானே வர்றேம்மா, நடுவுல எங்கயும் வுட மாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். நீ பாய் கடைக்கு மட்டும் வா. ஆனால் இனி நீ அந்தப் பக்கமே வர மாட்டாய் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. திரும்பிப்போனவன் இரண்டாவது தடவை வருவதை நான் சினிமாவிலும் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நைனாவோடு சட்டி அடித்த காசி மாமா இறந்துபோனார். அவர் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், இன்னும் இடிக்கவில்லை. மேளக்காரர் சாவு என்பதால் மத்தியானமே பல இடங்களிலிருந்து கானா பாடுகிறவர்கள் வந்துவிட்டார்கள். பந்தலுக்குக் கீழே ஒருவர் மாற்றி ஒருவர் பாடினார்கள். அவர்களில் யாராவது ஒருவருக்காவது உன்னைத் தெரிந்திருக்கும். நிறையப் பேர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாடுகிறவர் கையில் நோட்டைக் கொடுத்தால், கொடுத்தவர் பெயரையும் அவர் சொல்லச் சொல்வதையும் மைக்கில் சொல்வார்கள். உனக்குத் தெரியாததா? அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நேராக நடுவில் போனாள். நான் பின்னாலேயே போனேன். கண்ணாடி போட்ட ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். பாட்டை நிறுத்திவிட்டு, "யார் பேரும்மா சொல்லணும்?" என்று குனிந்தார்.

அம்மா வாயைத் திறந்தாள். தேம்பல்தான் வந்தது. இத்தனை நாள் வராதது அங்கே வந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டம் முழுவதும் எங்களையே பார்த்தது. டோலக் அடித்தவர் கையைத் தூக்கியபடியே நின்றார்.

"அம்மாவால முடியல. நீ சொல்லு தங்கச்சி" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

நான் மைக்கை வாங்கி உன் பெயரைச் சொன்னேன்.